நோபிலி கேஸு: மதுரைக்கு வந்த வெளிநாட்டு மிஷனரிகிட்ட நம்ம பசங்க எத கத்துக்கணும், எங்க உஷாரா இருக்கணும்

வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் ஊழியத்துக்கு கிளம்புற நம்ம பக்கத்துப் பசங்களுக்கு ட்ரெய்னிங்ல ஒரு கேஸ் எடுத்துப் பேசச் சொன்னா நான் ராபர்ட் டி நோபிலியத்தான் எடுப்பேன். நான் சிஎஸ்ஐ, புராட்டஸ்டண்ட், அவரு கத்தோலிக்க சேசு சபைக்காரரு, ஏன் அங்கிட்டு போயி கேஸ் தேடுறீங்கன்னு சில பேரு கேப்பாங்க. காரணம் லேசானதுதான். மத்த மிஷனரி கதைய கேக்குறப்ப நம்மள அறியாம நம்ம அந்த மிஷனரி பக்கமே நின்னு கேட்டுக்கிட்டு இருப்போம், அவருக்கு என்ன கஷ்டம், அவரு எப்படி ஜெயிச்சாருன்னே மனசு போகும். நோபிலி கதையில அப்படி நிக்க முடியாது, ஏன்னா அவரு வந்த வெளிநாடே நம்ம மதுரதான், இந்த வெள்ளக்காரன் யாரு எதுக்கு வந்திருக்கான்னு உத்துப் பாத்தவங்க நம்ம பாட்டன் பூட்டங்க. நாளைக்கு நீ கென்யாவுலயோ நேபாளத்துலயோ போயி எறங்குறப்ப அந்த ஊர்க்காரன் ஒன்னைய எப்படிப் பாப்பான்னு புரிஞ்சுக்க இதவிட நல்ல வழி எனக்குத் தெரியல.

வந்தப்ப இருந்த நெலம

நோபிலி 1577ல இத்தாலியில பெரிய குடும்பத்துல பொறந்தவரு, ரோம்ல செல்வாக்கா இருந்த கர்தினால் பெல்லார்மின் எல்லாம் அவருக்கு சொந்தம். சேசு சபையில சேந்து 1605ல கோவா வந்து எறங்கி, கொச்சி வழியா முத்துக்குளித்துறைக்கு, அதாவது தூத்துக்குடி பக்கத்து கடற்கரைக்குப் போயி அங்க சில மாசம் தங்கி தமிழ் கத்துக்கிட்டு, 1606 நவம்பர்ல மதுரைக்கு வந்தாரு. அப்ப வயசு 29. மதுரைய ஆண்டுக்கிட்டு இருந்தது முத்து கிருஷ்ணப்ப நாயக்கர்.

அவருக்கு முன்னாடியே, 1595ல இருந்து, இங்க இன்னொரு மிஷனரி இருந்தாரு. கொன்சாலோ பெர்னாண்டஸ்னு ஒரு போர்ச்சுகீஸ்காரரு, சபையில சேர்றதுக்கு முன்னாடி பட்டாளத்துல இருந்தவரு, நோபிலிய விட வயசுல ரொம்ப மூத்தவரு. சின்னதா ஒரு கோவில், ஒரு பள்ளிக்கூடம், நோயாளிங்களுக்கு மருந்து குடுக்க ஒரு எடம்னு வச்சு நடத்திக்கிட்டு இருந்தாரு. கோவிலுக்கு வந்தவங்க யாருன்னா கடற்கரையில இருந்து வியாபாரத்துக்கு வந்து தங்குன பரதவ கிறிஸ்தவங்க, அப்புறம் சில போர்ச்சுகீஸ்காரங்க. பரதவங்க 1530கள்லயே மொத்தமா ஞானஸ்நானம் வாங்குனவங்க, சவேரியார் 1542ல வர்றதுக்கு முன்னாடியே. ஆனா மதுரைக்காரங்கள்ல சேந்தவங்கன்னு சொல்லிக்க பெர்னாண்டஸ்கிட்ட ஆள் இல்ல. பத்து வருஷத்துக்கு மேல பாடுபட்டும் அதான் நெலம.

ஏன்னு நோபிலி கொஞ்ச நாள்லயே கண்டுபிடிச்சாரு. ஊருக்குள்ள இவங்களுக்குப் பேரு பறங்கி. பறங்கின்னா மாட்டுக்கறி திங்கிறவன், குடிக்கிறவன், குளிக்காதவன், ஆசாரம் இல்லாதவன்னு ஒரு கணக்கு. ஞானஸ்நானம் கேட்டு வர்றவன்கிட்ட, பறங்கி குலத்துல சேர ஒனக்கு சம்மதமான்னு கேக்குற வழக்கமே இருந்துருக்கு, கேட்டவங்க கிறிஸ்தவனாக சம்மதமான்னுதான் நெனச்சுக் கேட்டாங்க, வந்தவன் காதுல விழுந்ததோ வேற. தேவனப் பத்தி ஒரு வார்த்த பேசுறதுக்கு முன்னாடியே கதவு சாத்திக்கிச்சு.

அவரு என்ன செஞ்சாரு

இந்த எடத்துல எல்லாரும் சொல்றது அவரு வேஷத்த. காவி, பாதக்குறடு, நெத்தியில சந்தனம், ஒரு வேள சாப்பாடு, அதுவும் சுத்த சைவம், சமையலுக்கு பிராமணரு, பிராமணத் தெருவுல தனி வீடு. மொதல்ல நான் ரோமாபுரி ராஜ குலம்னு சொல்லிக்கிட்டாரு, அப்புறம் சந்நியாசியா மாறினாரு, தத்துவ போதகர்னு பேரு. பாக்குறதுக்கு இதான் பளிச்சுன்னு தெரியுதுங்கறதால இன்னைக்கு வரைக்கும் சண்டையும் இதப் பத்தியேதான், ஒரு குரூப்பு ஆஹாங்கும், இன்னொரு குரூப்பு ஏமாத்து வேலைங்கும்.

என்னக் கேட்டா வேஷத்த ஒரு பக்கமா ஒதுக்கி வச்சிட்டுப் பாக்கணும். காவி கட்டுறதுக்கு ஒரு நாள் போதும். அவர நிக்க வச்சது அவரு உக்காந்து படிச்ச படிப்பு. தமிழோட தெலுங்கு, அதுக்கு மேல சமஸ்கிருதம். சிவதர்மாங்கற பிராமணர் ஒருத்தர் அவருக்கு குருவா வாய்ச்சாரு. வெளிநாட்டுக்காரனுக்கு வேதம் சொல்லிக் குடுக்குறது அந்தக் காலத்துல எம்புட்டு பெரிய ஆபத்துன்னு யோசிச்சுப் பாருங்க, மாட்டுனா அந்த மனுசன் கதி அதோகதிதான், ஆனாலும் சொல்லிக் குடுத்தாரு. சமஸ்கிருதத்த மூலத்துலயே ஆழமா படிச்ச மொத ஐரோப்பியர்கள்ல ஒருத்தரா நோபிலியச் சொல்றாங்கன்னா அதுக்கு இந்த குருதான் காரணம்.

அவருகிட்ட மொதல்ல ஞானஸ்நானம் வாங்குனது பெர்னாண்டஸ் பள்ளிக்கூடத்து வாத்தியாரு, சைவ சித்தாந்தம் நல்லா படிச்ச ஆளு. ரெண்டு பேரும் 20 நாளு, தினமும் மணிக்கணக்கா வாதம் பண்ணிருக்காங்க, பதி, பசு, பாசம் (கடவுள், உயிர், உயிர கட்டி வச்சிருக்குற கட்டு), மறுபிறப்புன்னு. இன்னைக்கு நம்ம பசங்க ஒரு ட்ராக்ட குடுத்துட்டு பத்து நிமிசத்துல ஜெபத்துக்கு கூப்பிடுறத பாத்தா இந்த 20 நாளு ஞாபகத்துக்கு வரும். அந்த வாத்தியாருக்கும் நோபிலியோட வாதத்துல ஓட்ட எங்க இருக்குன்னு சொல்ல எடம் இருந்துச்சு, அவரும் சொன்னாரு. பொறுமைய ஒரு குணமா மட்டும் பிரசங்கம் பண்ணிட்டுப் போயிடுறோம், எதிராளி மடையன் இல்லன்னு ஒத்துக்குறதுதான் அதுல பாதி.

அதுக்கப்புறம் ரெண்டு மூணு வருஷத்துல இன்னும் பல பேரு வந்தாங்க. 1609ல குரு சிவதர்மாவே ஞானஸ்நானம் வாங்கிட்டாரு, ஆனா குடுமியும் பூணூலும் அப்படியே இருந்துச்சு. இங்கதான் பிரச்சன வெடிச்சது.

கூட இருந்தவரு

வெளிய இருந்து வந்த எதிர்ப்பவிட உள்ள இருந்து வந்த எதிர்ப்புதான் நோபிலிய ரொம்ப வருஷம் முடக்கிப் போட்டுச்சு. பெர்னாண்டஸ் மேலிடத்துக்கு புகார் எழுதினாரு. இந்த ஆளு தனி வீடு, தனி கோவில், தனி சாப்பாடுன்னு இருக்காரு, எங்ககூட ஒட்டுறதே இல்ல, சேந்தவங்க பூணூலும் குடுமியுமா திரியிறாங்க, அது அவங்க மதத்தோட அடையாளம்தான, சந்தனம் எதுக்கு, குளியல் எதுக்கு, அப்படின்னு. ஊழியத்துக்குப் போற பசங்க பாதி பேரு இந்த எடத்துல பெர்னாண்டஸ வில்லனாக்கிடுவாங்க. நான் விடமாட்டேன். பத்து வருஷத்துக்கு மேல தனியா வெயில்ல கெடந்த மனுசன், பட்டாளத்துல இருந்து வந்தவரு, பெரிய படிப்பு இல்ல, அவரு வீட்டுலயே வந்து தங்குன 29 வயசு பணக்கார வீட்டுப் புள்ள கொஞ்ச நாள்ல தனி வீடு பாத்துக்கிட்டுப் போயி, நான் அந்த ஆளு குரூப்பு இல்லன்னு ஊர்ல சொல்லிக்கிட்டு திரிஞ்சா அவருக்கு எப்படி இருந்திருக்கும். அதுலயும் அவரு வெறும் வயித்தெரிச்சல்ல பேசல. பிராமண சடங்குகள எல்லாம் ஒண்ணு ஒண்ணா விசாரிச்சு 1616ல ஒரு பெரிய ரிப்போர்ட்டே எழுதினாரு, பூணூல் சடங்கோட சேந்ததுதான், வெறும் குல அடையாளம் இல்லன்னு நிரூபிக்கறதுக்காக. எதிர்ல நின்னவரும் வேல செஞ்சுட்டுத்தான் நின்னாரு.

புகார் கோவா போச்சு, ரோமுக்குப் போச்சு. கடுதாசி போயிட்டு பதில் வர்றதுக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆகுற காலம். அதுக்குள்ள ரோம்ல இவரு என்னமோ சிலை கும்புட ஆரம்பிச்சுட்டாருங்கற மாதிரி பேச்சு கெளம்பிடுச்சு. சொந்தக்காரரான பெல்லார்மினே மொதல்ல கோவமா எழுதுனாரு, நோபிலி விளக்கம் எழுதி அனுப்பின பெறகுதான் மாறினாரு. 1613 வாக்குல மேலிடத்துல இருந்து கெடுபிடி வந்துச்சு, புதுசா யாருக்கும் ஞானஸ்நானம் குடுக்கறதுக்கே தடைங்கற அளவுக்கு. 1619ல கோவாவுல ஒரு விசாரண சபை கூட்டுனாங்க, கோவா பேராயர் எதிர்ல, கொடுங்கல்லூர் பேராயர் ரோஸ் இவரு பக்கம். கடைசியில 1623 ஜனவரி 31ல பதினஞ்சாம் கிரகோரி பாப்பரசர் தீர்ப்பு குடுத்தாரு, பூணூல், குடுமி, சந்தனம், குளியல் எல்லாத்தையும் சில நிபந்தனையோட வச்சுக்கலாம்னு. புகார் கெளம்பி தீர்ப்பு வர்றதுக்கு பத்து வருஷத்துக்கு மேல ஆயிருச்சு.

அந்த காலத்துல அவரு சபைய விட்டு வெளிய போயி தனிக் கம்பெனி ஆரம்பிக்கல. இன்னைக்கு நம்ம பக்கம் ஒரு பாஸ்டருக்கும் இன்னொரு பாஸ்டருக்கும் மைக் செட்டு விஷயத்துல சண்ட வந்தா அடுத்த மாசமே புது போர்டு தொங்கும், அதான் சொல்றேன். தடைன்னா தடை, ஞானஸ்நானம் குடுக்கல, ஆனா எழுதுனாரு. தமிழ்ல உரைநடையில விவாதமா, கேள்வி பதிலா, பக்கம் பக்கமா கிறிஸ்தவ இறையியல் விஷயம் எழுதுனதுல அவரு மூத்தவங்கள்ல ஒருத்தர். அனுமதி வந்ததும் அந்த வருஷமே மதுரைய விட்டு கிளம்பி திருச்சி, சேந்தமங்கலம், சேலம்னு போயிட்டாரு. 1640ல திருமலை நாயக்கர் காலத்துல மதுரையில ஜெயில்லயும் இருந்தாரு. அறுபத கடந்த வயசு அப்ப.

ஊழியத்துல காத்திருக்குற காலம்னு ஒண்ணு எல்லாருக்கும் வரும், விசா வராம, மேலிடம் கடுதாசிக்கு பதில் போடாம, கூட வேல செய்யிறவன் பேசாம. ஜெபம் பண்ணுங்கன்னு சொல்றது சரிதான், ஆனா ஜெபம் முடிஞ்ச பெறகு மிச்ச நேரத்துல என்ன செய்யிறதுன்னு தெரியாமதான் பாதி பேரு ஒடைஞ்சு ஊருக்குத் திரும்புறாங்க. நோபிலிகிட்ட நான் மதிக்குற விசுவாசம் இங்க இருக்கு, காவியில இல்ல.

யாரு தலையில விடிஞ்சது

இதுவரைக்கும் கேட்டா அவரு பக்கம் நியாயம்னுதான் தோணும். இனிமேதான் கேஸே.

நான் பறங்கி இல்லன்னு நோபிலி ஓலையில எழுதி தன் வீட்டு வாசல்ல மாட்டுனாரு. நான் பறங்கி நாட்டுல பொறக்கல, அவங்க குலத்தோட எனக்கு சம்பந்தம் இல்ல, நான் சொல்ற வேதத்த ஏத்துக்கிட்டா யாரும் தன் குலத்த விட வேண்டியதில்ல, இதான் சாரம். பிராமணருக்கும் வேளாளருக்கும் இது நல்ல சேதி. ஆனா அந்த ஓலைய ஒரு பரதவ கிறிஸ்தவன் படிச்சிருந்தா எப்படி இருந்திருக்கும்? அவங்க அப்பன் பாட்டன் காலத்துல இருந்து கிறிஸ்தவங்க, ஊருக்குள்ள பறங்கி கூட்டம்னு பேச்சு வாங்கிக்கிட்டே கோவிலுக்குப் போறவங்க. இப்ப ஒரு சாமியாரு, அதே பூச வைக்கிற சாமியாரு, எனக்கும் அவங்களுக்கும் சம்பந்தமில்லங்கறாரு. ஒரே விசுவாசம், ரெண்டு கோவில், ரெண்டு பந்தி.

இது எப்படி நடந்துச்சு? கெட்ட எண்ணத்துல இல்ல. ஊரப் பத்தி அவருக்குத் தெரிஞ்சது பூராவும் யாரு சொன்னதுன்னு பாருங்க. குரு பிராமணர், சமையக்காரர் பிராமணர், தெரு பிராமணத் தெரு. சாதிங்கறது மத விஷயமா, இல்ல ஒலக வழக்கமாங்கற கேள்வி வந்தப்ப சாட்சிக்கு அவரு போனதும் பிராமண பண்டிதர்கள்கிட்டதான், அவங்ககிட்ட கையெழுத்தும் வாங்கி அனுப்புனாரு. அவங்க என்ன சொல்லுவாங்க? பூணூல் குல அடையாளம், சாதி ஒரு மரியாத வரிச, அம்புட்டுத்தான்னு சொல்லுவாங்க. கீழ இருக்குறவன்கிட்ட போயி, ஐயா இது ஒங்களுக்கு வெறும் ஒலக வழக்கமா தெரியுதான்னு கேட்டிருந்தா பதில் வேற மாதிரி வந்திருக்கும். சாப்பாட்டுக்கு யாரு வீட்டுக்கு போறோமோ அவங்க கண்ணாலதான் ஊரு தெரியும்.

1620கள்ல திருச்சிப் பக்கம் ஒடுக்கப்பட்ட சாதி ஜனங்க கூட்டமா வர ஆரம்பிச்சாங்க. அப்பதான் செக்கல். பிராமண சந்நியாசியா இருக்குறவரு அவங்க குடிசைக்குள்ள போனா கட்டி வச்ச பேரு போயிடும், போகாட்டி சுவிசேஷம் போயிடும். அதுக்கு சேசு சபைக்காரங்க கண்டுபிடிச்ச வழி பண்டாரசாமி, அதாவது பிராமணரல்லாத சாமியாரு வேஷம். 1640ல பல்தசார் ட கோஸ்தா பண்டாரம் மாதிரி உடுத்திக்கிட்டு மத்த சாதி ஜனங்ககிட்ட போனாரு. அது வேகமாவும் வளந்துச்சு. ஆனா அதுவும் சாதிக்கு ஒரு சாமியாருங்கற ஏற்பாடுதான, பிரிவ ஒழிக்கல, பிரிவுக்கு ஏத்த மாதிரி ஆளு போட்டாங்க. 1704ல தூர்னோன்னு பாப்பரசரோட தூதர் பாண்டிச்சேரியில இருந்தப்ப போட்ட உத்தரவுல ஒண்ணு, சாகக் கெடக்குற பறையர் வீட்டுக்குள்ள குருமாரு போயி அவஸ்த பூசணும், அதாவது சாகுற நேரத்துக்கான எண்ணெய் பூசணும்ங்கறது. அத உத்தரவு போட்டுச் சொல்ல வேண்டியிருந்துச்சுங்கறத கவனிங்க. சண்ட இழுத்து இழுத்து 1744ல பதினாலாம் பெனடிக்ட் காலத்துலதான் ஒரு முடிவுக்கு வந்துச்சு, அப்பவும் அந்த ஜனங்களுக்குன்னு தனியா குருமாருங்கற ஏற்பாட்ட ஏத்துக்கிட்டாங்க. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம் கோவில்ல சாதிக்கு ஒரு பக்கம்னு நடுவுல வச்ச சுவர எடுத்ததே 1910லதான். இதுக்கெல்லாம் நோபிலி ஒருத்தரே காரணம்னு நான் சொல்லல, சாதி அவருக்கு முன்னாடியும் இருந்துச்சு. ஆனா தொட வேண்டாம்னு ஒரு முத்திர குத்திக் குடுத்ததுல அவருக்குப் பங்கு உண்டு.

எங்க புராட்டஸ்டண்ட் ஆளுங்க மட்டும் யோக்கியமான்னு கேப்பீங்க. அமெரிக்கன் மதுரை மிஷன் 1834ல யாழ்ப்பாணத்துல இருந்து வந்தவங்க, அவங்க எதிர் பக்கம் பிடிச்சாங்க. 1847 வாக்குல, சாதி பாக்காம எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டாத்தான் சபையில எடம்னு சோதன வச்சாங்க. உபதேசியாருங்கள்லயே பல பேரு எந்திரிச்சுப் போயிட்டாங்க. கொள்கை சரி, அதுல எனக்கு சந்தேகமே இல்ல, நான் அந்தப் பக்கம்தான். ஆனா அமெரிக்காவுல அதே காலத்துல அடிமை ஏவாரம் நடந்துக்கிட்டு இருந்துச்சு, இங்க வந்த வெள்ளக்கார அம்மாமாரு தனி பங்களாவுல, கோடைக்கு கொடைக்கானல்ல. அவங்க பந்தியில யாரு உக்காந்தாங்கங்கற கேள்விய அந்த உபதேசியாருங்க கேட்டிருந்தா பதில் சொல்ல கஷ்டமா இருந்திருக்கும்.

இங்க ஓரமா ஒண்ணு. ஓரியூர்ல 1693ல வெட்டுப்பட்ட அருளானந்தர், ஜான் டி பிரிட்டோ, அவரும் பண்டாரசாமி வழியில வந்தவருதான். தடியத் தேவர்னு ஒரு மறவர் தலைவரு ஞானஸ்நானத்துக்காக ஒரு மனைவிய மட்டும் வச்சுக்கிட்டு மத்தவங்கள அனுப்பிட்டாரு, அதுல ஒருத்தங்க ராமநாதபுரம் ராஜா கிழவன் சேதுபதி குடும்பத்துப் பொண்ணு, அதான் கொலைக்கு காரணம். புனிதரோட ரத்தத்தப் பத்தி மணிக்கணக்கா பேசுவோம், அனுப்பி வைக்கப்பட்ட பொண்ணுங்கள அரை வரியில தாண்டிருவோம். அதுவும் இதே கேள்விதான், யாரு தலையில விடிஞ்சது.

போற பசங்களுக்கு

நோபிலிய 1645 வாக்குல மதுரைய விட்டு மாத்துனாங்க, மொதல்ல யாழ்ப்பாணம், அப்புறம் மயிலாப்பூர். கண்ணு பார்வ கிட்டத்தட்ட போயிருச்சு, அப்பவும் பக்கத்துல ஆள வச்சுக்கிட்டு சொல்லச் சொல்ல எழுத வச்சாரு. 1656 ஜனவரி 16ல எறந்தாரு. ஊருக்குத் திரும்பிப் போகவே இல்ல. அந்த விசுவாசத்த கொற சொல்ல எனக்கு வாய் வராது.

நான் பசங்ககிட்ட சொல்றது என்னன்னா, போன ஊர்ல மொத ஆறு மாசம் யாரு வீட்டுல குடியிருக்க, யாருகிட்ட பாஷ படிக்கிற, யாரு ஒன்ன சாப்பாட்டுக்கு கூப்பிடுறாங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வையி. ஆப்பிரிக்காவுல போயி எறங்குன நம்ம பையன் என்ன செய்வான், பாஷ தெரியாது, சாப்பாடு ஒத்துக்காது, அங்க கட வச்சிருக்குற நம்ம நாட்டுக்காரரு ஒருத்தரு கெடைப்பாரு, நல்ல மனுசன், சாம்பாரு ஊத்துவாரு. ரெண்டு மாசத்துல, இந்த ஊரு ஆளுங்க சோம்பேறி, நம்பாத தம்பின்னு அவரு சொன்னத இவன் தன்னோட சொந்தக் கருத்து மாதிரி ஜெபக் கடுதாசியில எழுதி அனுப்புவான். அந்தக் கடையில மூட்ட தூக்குறவன்கிட்ட ஒரு வார்த்தயும் பேசியிருக்க மாட்டான். நேபாளத்துலயும் ஒடிசாவுலயும் இதேதான், இங்கிலீஷ் தெரிஞ்சவன், வீடு வாடகைக்கு விடுறவன், சாதியில மேல இருக்குறவன், இவங்கதான் மொதல்ல கைக்கு வருவாங்க. அவங்கள ஒதுக்குன்னு சொல்லல, குருவா வச்சுக்க. ஆனா அவங்க யாரப் பத்தி கேவலமா பேசுறாங்களோ அவங்க வீட்டுக்கும் போயி ஒரு குரு பிடி.

இத சொன்னா கண்டிப்பா ஒரு தம்பி எந்திரிச்சு, அண்ணே அந்தக் காலத்துல அவருக்கு வேற வழியே இல்லல்ல, மேல இருந்து வந்தாத்தான் ஊரு கேக்கும்பான். பாதி ஒத்துக்குறேன், பெர்னாண்டஸ் வழியில மதுர தெறக்கலங்கறது உண்ம. ஆனா ஊருக்குள்ள நுழையிற வழி வேற, நுழைஞ்ச பெறகு யாரு சொல்றத நம்புறதுங்கறது வேற. தமிழ அவரு மொதமொதல்ல கத்துக்கிட்டது முத்துக்குளித்துறையில, பரதவங்க ஊர்ல. மதுரைக்கு வந்த பெறகும் அவங்க பெர்னாண்டஸ் கோவிலுக்கு வந்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. சாதின்னா என்னன்னு ரோமுக்கு எழுத சாட்சி தேடுனப்ப அவங்கள்லயும் ரெண்டு பேரக் கூப்பிட்டு கேட்டிருக்கலாம், அதுக்கு காவியக் கழட்ட வேண்டியதில்ல.